ரோமானிய வெள்ளிக் காசு: முதல் காசாக எதை வாங்கலாம்?

முதன்முதலாக ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பேரரசர் பெயரை வைத்துத்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். சீசர், அகஸ்டஸ், நீரோ, ஹேட்ரியன். பெயர் பெரிதானால் விலையும் பெரிது. கையிலிருக்கும் பணத்துக்கு அந்தப் பெயரில் கிடைப்பது கடைசியில் மூக்கும் தாடையும் மழுங்கிப்போன ஒரு முகமாக இருக்கும். நான் வேறு வழி சொல்வேன். காசைத் திருப்பிப் பூப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே என்ன படம் இருக்கிறது, அதை வைத்தவர் யார், யாரை நம்பவைக்க வைத்தார்? இந்த மூன்றுக்கும் சுவையான விடை தருகிற காசை வாங்கினால், பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அதில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கும்.

ரோமானியக் காசுக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தும். ஏதென்ஸ் நகரம் தன் வெள்ளிக் காசில் ஆந்தையைப் போட்டது. தலைமுறைகள் போயும் அதே ஆந்தைதான். ரோமின் வழக்கம் வேறு. கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரின் நடுவில், டினாரியஸ் என்ற வெள்ளிக் காசு பிறந்தது. தொடக்கத்தில் ஒரே படம்தான்: தலைப்பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி, பூப்பக்கம் குதிரைமேல் பாய்ந்துவரும் இரட்டையர் காஸ்டரும் போலக்ஸும். பிறகு வெற்றித் தேவதை ஓட்டும் தேர்கள் வந்தன. கி.மு. 130களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு புதுப்புதுப் படங்கள். அடுத்த நானூறு ஆண்டுகளில் வந்த படங்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில் போகும்.

படம் மாறினாலும் எடை மாறவில்லை என்பது வெளியாட்களை வியக்க வைத்திருக்கிறது. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு செய்தி சொல்கிறார். அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையோரம் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினார். அவரிடம் இருந்த டினாரியஸ் காசுகளைப் பார்த்த இலங்கை மன்னர், படங்கள் வெவ்வேறாக இருப்பதால் பலர் அச்சிட்டவை என்று தெரிந்தும் எல்லாம் ஒரே எடையில் இருக்கின்றனவே என்று ரோமானியரின் நேர்மையை மெச்சினாராம். அது பேரரசர் கிளாடியஸ் காலம். அந்த மன்னர் கவனித்த இரண்டும், அதாவது பலவகைப் படமும் ஒரே தரமும், இன்றைக்கும் தேர்வு செய்பவர் பார்க்க வேண்டியவைதான். காலம் போகப்போக தரம் சரிந்தது. படமும் வளமாகி, பிறகு வறண்டது. இந்த இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கவில்லை; அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குடியரசுக் காலக் காசுகள்

பேரரசர்கள் வருவதற்கு முந்தைய ரோமின் காசுகள் இவை. என் தராசில் கனம் அதிகமுள்ள பக்கம் இதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரோமில் ஆண்டுதோறும் மூன்று பேர் காசடிப்புக்குப் பொறுப்பேற்றார்கள். பெரும்பாலும் அரசியலின் முதல் படியில் நிற்கும் இளைஞர்கள். நாளைக்குத் தேர்தலில் நிற்க வேண்டும், குடும்பப் பெயர் மக்கள் மனத்தில் பதிய வேண்டும். கையில் காசு அச்சு இருக்கிறது. அப்புறம் என்ன, பாட்டன் முப்பாட்டன் கதையெல்லாம் காசில் ஏறியது. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளித் துண்டில் இவர்கள் சொன்ன கதைகளின் செறிவு என்னை இன்னமும் அசத்துகிறது.

கி.மு. 137இல் செக்ஸ்டஸ் போம்பியஸ் வெளியிட்ட காசில் ஓநாய் நின்று, ரோமை நிறுவிய கதையின் இரட்டையரான ரோமுலஸுக்கும் ரீமஸுக்கும் பாலூட்டுகிறது. பின்னால் அத்தி மரம், அதில் பறவைகள், பக்கத்தில் குழந்தைகளைக் கண்டெடுத்த மேய்ப்பன். கி.மு. 82இல் மாமிலியஸ் லிமெடானஸ் வெளியிட்டது இன்னும் நெருக்கமான காட்சி. இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் கிரேக்கக் காவிய நாயகன் யுலிசிஸ் கையில் கோலோடு நடந்து வருகிறார். வேறு யாருக்கும் அடையாளம் தெரியாத அவரை அவருடைய கிழநாய் ஆர்கோஸ் மட்டும் கண்டுகொண்டு தலை தூக்கிப் பார்க்கிறது. மாமிலியர் குடும்பம் யுலிசிஸின் மகன் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்டது. குடும்பப் பெருமைக்காகப் போட்ட படம்தான். ஆனால் அந்த அச்சை வெட்டிய கைவினைஞர் நாயின் கழுத்தை வளைத்திருக்கும் விதத்தில் குடும்பப் பெருமையைத் தாண்டிய ஏதோ இருக்கிறது. இந்தக் காசின் ஓரம் அரம் போல வெட்டி வெட்டி இருக்கும். ஜெர்மானியர்கள் இப்படி ஓரம் வெட்டிய காசையும் தேர் பொறித்த காசையும்தான் விரும்பி வாங்கினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார்.

அரசியல் படங்களை விரும்புபவருக்கு இன்னும் நல்ல வேட்டை. கி.மு. 113 வாக்கில் லிசினியஸ் நெர்வாவின் காசில் வாக்குப்பதிவே நடக்கிறது: குறுகிய மேடைப் பாதையில் ஒருவர் வாக்குச் சீட்டை வாங்குகிறார், இன்னொருவர் பெட்டியில் போடுகிறார். கி.மு. 110 வாக்கில் போர்சியஸ் லைக்காவின் காசில், டோகா என்ற மேலாடை அணிந்த குடிமகன் ஒரு பக்கம், அடிகோல் ஏந்திய காவலர் ஒரு பக்கம், நடுவில் ஆணை பிறப்பிக்கும் அதிகாரி. கீழே ‘மேல்முறையீடு செய்கிறேன்’ என்ற ஒரே சொல். குடிமகனை விசாரணை இல்லாமல் அடிக்கவோ கொல்லவோ கூடாது என்ற உரிமையை நிலைநாட்டியதில் தன் குலத்துக்குப் பங்கு உண்டு என்று அவர் நினைவூட்டுகிறார். சட்டம் படித்தவர் யாராவது முதல் காசு கேட்டால் நான் யோசிக்காமல் கைகாட்டுவது இதைத்தான்.

படத்தையும் ஆண்டையும் சேர்த்துப் படிக்கும்போது சில காசுகள் வேறு முகம் காட்டும். கி.மு. 89இல் டிட்டூரியஸ் சபினஸ் வெளியிட்ட காசுகளில் ஒன்றில் ரோமானியர்கள் அண்டை இனமான சபீனரின் பெண்களைத் தூக்கிச் செல்கிறார்கள். இன்னொன்றில் ஊரைக் காட்டிக்கொடுத்த டார்ப்பேயாவைக் கேடயங்களால் மூடிக் கொல்கிறார்கள். பழங்கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஆண்டு ரோம் தன் சொந்த இத்தாலிய நேசநாடுகளோடு கொடும்போரில் இருந்தது. சண்டையில் தொடங்கி உறவில் முடிந்த சபீனர் கதையும், துரோகிக்குக் கிடைத்த தண்டனையும் அந்த நேரத்தில் காசில் வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. கிளர்ந்தெழுந்த இத்தாலியர் தங்களுக்கென்று டினாரியஸ் அடித்து, அதில் ரோமின் ஓநாயைக் காளை ஒன்று கொம்பால் குத்தி மிதிப்பதாகப் போட்டார்கள். அந்தக் காசு அரிது, விலையும் எட்டாது. சபினஸின் காசு கிடைக்கும்.

பொய்யையும் இந்தக் காசுகள் அழகாகச் சொல்லும். கி.மு. 58இல் ஸ்காரஸ் தன் காசில் நபத்தேய மன்னர் அரேதாஸை ஒட்டகத்தின் பக்கத்தில் மண்டியிட வைத்து, கையில் சமாதானக் கிளையையும் கொடுத்திருக்கிறார். உண்மையில் அரேதாஸ் 300 தாலந்து கொடுத்து ஸ்காரஸின் படையைத் திருப்பி அனுப்பினார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு போனவர் அதை வெற்றியாக அச்சடித்துவிட்டார்! முன்னோர் பெருமையை விட்டுத் தன் சொந்தச் சாதனையைக் காசில் ஏற்றும் வழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் கதை சீசரில் வந்து முடிகிறது. கி.மு. 49 வாக்கில் அவர் வெளியிட்ட யானைக் காசு, கி.மு. 44இல் அவர் உயிரோடிருக்கும்போதே ரோமில் அவர் முகம் பொறித்து வந்த காசு, பிறகு அவரைக் கொன்ற புரூட்டஸ் இரண்டு குத்துவாளும் நடுவில் விடுதலைத் தொப்பியும் வைத்து அடித்த காசு. கடைசியில் சொன்னது கோடீஸ்வரர்களின் பண்டம். சீசரின் யானை கிடைக்கும். ஆனால் சீசர் என்ற பெயருக்காகவே விலை மிகவும் ஏறிக் கிடக்கிறது. யானை எதை மிதிக்கிறது, பாம்பையா போர் ஊதுகொம்பையா என்பதே இன்னும் தீராத வாதம். அந்தப் பணத்தில் லிமெடானஸும் சபினஸும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

குறை? இருக்கிறது. எழுத்துகள் சுருக்கமாக இருக்கும், யார் எந்தக் குடும்பம் என்று தேடிப் படித்தால்தான் படம் புரியும். பழக்கமில்லாதவருக்கு முதல் பார்வையில் ஒன்றும் விளங்காது. மேலே சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள் இருக்கலாம்; வெள்ளிதானா என்று சோதித்த காசுப் பரிசோதகர்கள் வைத்தவை. சிலருக்கு அது அழுக்கு போலத் தோன்றும். அந்தக் காசு எத்தனை கை மாறியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை என்பது என் எண்ணம்.

இதோடு சேர்த்து ஒரு சொல்: மார்க் அந்தோணி கி.மு. 32-31இல், பின்னாளில் அகஸ்டஸ் ஆனவரிடம் தோற்ற ஆக்டியம் போருக்கு முன், படைச் சம்பளத்துக்காக அடித்த காசுகள். ஒரு பக்கம் போர்க்கப்பல், மறுபக்கம் கழுகுக் கொடியும் படைப்பிரிவின் எண்ணும். வெள்ளி கொஞ்சம் மட்டம். நல்ல வெள்ளிக் காசை மக்கள் பதுக்கிவைக்க, இந்த மட்டக் காசு மட்டும் கை மாறிக்கொண்டே இருந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் புழங்கியது. அதனால் பெரும்பாலும் மொழுக்கையாகத்தான் கிடைக்கும். படத்துக்காக வாங்குபவருக்கு இது வேண்டாம். வரலாற்றின் ஒரு திருப்பத்தைக் கையில் பிடிக்க விரும்புபவருக்கு வேண்டும்.

அகஸ்டஸும் டைபீரியஸும்

தமிழ் வாசகருக்கு இயல்பாகவே மனம் இழுக்கும் இடம் இது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்களில் இரண்டே இரண்டு வகைகள்தான் பெரும் பங்கு. ஒன்று, அகஸ்டஸ் காலத்தில் இன்றைய லியோன் நகரில் அடிக்கப்பட்டது: கையஸ், லூசியஸ் என்ற இரண்டு இளைஞர்கள் டோகா அணிந்து நிற்க, நடுவில் கேடயமும் ஈட்டியும், மேலே பூசாரிகள் பயன்படுத்தும் கரண்டியும் வளைந்த கோலும். இன்னொன்று டைபீரியஸ் காசு: ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து ஒரு கையில் செங்கோலும் மறுகையில் கிளையும் பிடித்திருப்பாள். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதையல் கிடைத்திருக்கிறது. கொங்குப் பகுதியில் வேறு ஊர்களிலும் உண்டு. மேற்குக் கரையின் மிளகுத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, நொய்யல் கரையோரம் போன வணிகப் பாதையில் இந்தக் காசுகள் விழுந்து கிடக்கின்றன. குடியரசுக் காலக் காசும் இங்கே வராமல் இல்லை. கேரளத்தின் எய்யால் புதையலில் அவை கலந்திருந்தன. ஆனால் எண்ணிக்கை கொஞ்சம்தான்.

கையஸ்-லூசியஸ் காசின் கதை துயரமானது. இருவரும் அகஸ்டஸின் பேரன்கள். மகன்களாகத் தத்தெடுத்து வாரிசாக வளர்த்தார். கி.மு. 2இல் இருவரையும் காட்டும் இந்தக் காசு வரத் தொடங்கியது. கி.பி. 2இல் லூசியஸ் மார்சேயில் இறந்தார். கி.பி. 4இல் கையஸும் போய்விட்டார். வாரிசு இருக்கிறது, பேரரசு பத்திரமாக இருக்கும் என்று உலகுக்குச் சொன்ன படம், வாரிசே இல்லாமல் போன பிறகும் அரபிக்கடல் தாண்டிக் கொங்கு நாட்டுப் பானைகளில் போய்ச் சேர்ந்தது. வாங்கியவருக்கு அந்த இரண்டு பையன்கள் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்கு வேண்டியது வெள்ளி; அது ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. கி.பி. 64இல் நீரோ எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு வந்த காசுகளை விட்டுவிட்டு இந்தப் பழைய காசுகளையே இந்திய வணிகர்கள் விரும்பினார்கள் என்று பலர் விளக்குகிறார்கள்.

டைபீரியஸ் காசு விலை உயர்ந்து நிற்பதற்குக் காரணம் வேறு. ‘வரிக்காசை எனக்குக் காண்பியுங்கள்’ என்று இயேசு கேட்ட காசு இதுதான் என்று மரபாகச் சொல்கிறார்கள். இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள் என்ற அந்தக் காட்சியில் காட்டப்பட்டது இந்த வகைதானா என்பதற்கு உறுதி கிடையாது. அந்தப் பகுதியில் இது அரிதாகத்தான் கிடைக்கிறது. நம்பிக்கையுள்ளவருக்கு அதன் மதிப்பு தனி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். படத்தின் கணக்கில் மட்டும் பார்த்தால், ஏறக்குறைய ஆட்சி முழுவதும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்த அமர்ந்த பெண் உருவம். அவள் அமைதித் தேவியா, டைபீரியஸின் தாய் லிவியாவா என்பதில்தான் கொஞ்சம் சுவை. அதே பணத்துக்கு கையஸ்-லூசியஸ் எடுப்பதே மேல்.

இங்கே கிடைத்த காசுகள் பலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு இருக்கும். உள்ளே செம்பா என்று பார்க்க வெட்டினார்கள் என்கிறார்கள் சிலர். இந்த ஊரில் இது நாணயமாகச் செல்லாது, வெறும் வெள்ளிதான் என்று அடையாளம் வைத்தார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எதுவானாலும் அந்த வெட்டைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். உலகத்தையே ஆண்டதாக நினைத்துக்கொண்ட ஒரு முகத்தை இங்கிருந்த ஒரு கை நிதானமாக வெட்டி எடை பார்த்திருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட காசை விலைக்கு வாங்க நினைக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள்.

பயணம் செய்த பேரரசர்

கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் படம் மறுபடி உயிர்பெறுகிறது. வெஸ்பாசியன் காசில் யூதேயா தோற்றதைக் காட்ட, போர்ச் சின்னத்தின் கீழே ஒரு பெண் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். டிரேஜன் காசில் டேசியக் கைதிகள். வென்றவன் பார்வையில் தோற்றவரைக் காட்டும் படங்கள் இவை. வரலாற்று மதிப்பு பெரிது, ஆனால் முதல் காசாக வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஹேட்ரியனிடம் மனநிலையே மாறுகிறது. பேரரசின் மூலை முடுக்கெல்லாம் சுற்றியவர் அவர். ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், கி.பி. 130களில், போய் வந்த நாடுகளுக்கெல்லாம் காசு போட்டார். எகிப்து கையில் கிலுகிலுப்பை போன்ற இசைக்கருவியோடு சாய்ந்திருக்க, காலடியில் அரிவாள்மூக்கன் நிற்கிறது. ஆப்பிரிக்கா யானைத் தோலைத் தலையில் அணிந்து, கையில் தேள் வைத்திருக்கிறாள். ஸ்பெயின் ஒலிவக் கிளையோடு, பக்கத்தில் ஒரு முயல். கைகள் கட்டப்படவில்லை, யாரும் அழவில்லை. அடிமைப்பட்ட நாடுகளைத் தனித்தனி ஆளாகப் பார்க்கும் பார்வை ரோமானியக் காசில் இவ்வளவு விரிவாக அதுவரை வந்ததில்லை. வெள்ளியும் இன்னும் நல்ல வெள்ளி. விலை குடியரசுக் காசோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். படிப்பதும் எளிது, ஏனென்றால் நாட்டின் பெயரையே எழுதியிருப்பார்கள். லத்தீன் எழுத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவருக்கு என் முதல் பரிந்துரை ஹேட்ரியனின் எகிப்துதான்.

செவரஸ் குடும்பம்: குறைந்த பணத்தில்

கி.பி. 193இல் ஆட்சிக்கு வந்த செப்டிமியஸ் செவரஸ் படைக்குச் சம்பளம் உயர்த்தினார். காசில் வெள்ளி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எண்ணிக்கை பெருகியது. பல்கேரியாவில் 1929இல் கிடைத்த ரேகா டெவ்னியா புதையலில் மட்டும் 80,000க்கு மேல் டினாரியஸ். அதனால் ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிக மலிவாக, அதுவும் நல்ல நிலையில் கிடைப்பவை இந்தக் குடும்பத்தின் காசுகள்தான். தேய்ந்த வரிக்காசு ஒன்றின் விலையில் இவற்றில் பலவற்றை வாங்கலாம்.

படம்? பெரும்பாலும் ஒற்றைப் பெண் உருவம். தராசு பிடித்தால் நேர்மை, கையில் பூவோடு ஆடையின் ஓரத்தைத் தூக்கி நடந்தால் நம்பிக்கை, பாம்புக்கு உணவளித்தால் நலம், மரக்கால் போன்ற அளவைக் கலத்தின் பக்கத்தில் நின்றால் தானிய விநியோகம், காசு எண்ணும் பலகை பிடித்தால் அரசரின் கொடை. கையிலிருப்பதை வைத்து யாரென்று சொல்வது, நம் ஊர்க் கோயில் தூணில் ஆயுதத்தையும் வாகனத்தையும் பார்த்துத் தெய்வத்தைக் கண்டுபிடிப்பது மாதிரி. பத்து காசு பார்த்தால் கண் பழகிவிடும். போதாக்குறைக்கு, பேரரசரின் பட்டங்களில் ஒன்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். எத்தனையாவது முறை என்ற எண் காசிலேயே இருக்கும். அதை வைத்து எந்த ஆண்டில் அடித்தது என்றே சொல்லிவிடலாம். காசு படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

சலிப்பு தட்டும் என்று சிலர் சொல்வார்கள். தனித்தனியே பார்த்தால் தட்டும்தான். குடும்பக் கதையோடு சேர்த்துப் பாருங்கள். செவரஸின் மூத்த மகன் கரகல்லாவுக்கும் பிளாட்டில்லாவுக்கும் கி.பி. 202இல் திருமணம். பிளாட்டில்லாவின் காசில் மணமக்கள் கைகோத்து நிற்கிறார்கள், சுற்றிலும் ‘ஒற்றுமை’ என்றோ ‘பேரரசின் வம்ச விருத்தி’ என்றோ எழுத்து. மூன்றே ஆண்டில் அவள் நாடு கடத்தப்பட்டாள், பிறகு கொல்லப்பட்டாள். கரகல்லாவும் தம்பி கெட்டாவும் சேர்ந்து ஆண்ட காலத்திலும் ஒற்றுமைத் தேவி காசில் வந்தாள். கி.பி. 211 டிசம்பரில் அண்ணன் தம்பியைக் கொல்ல வைத்தார். கல்வெட்டு, சிற்பம், ஓவியம் எல்லாவற்றிலும் கெட்டாவின் பெயரும் முகமும் அழிக்கப்பட்டன. வெள்ளிக் காசுகளை மட்டும் முழுக்கத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அழிக்க நினைத்த அந்தப் பையனின் முகம்தான் இன்றைக்கு மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிளாட்டில்லா ஒன்று, கெட்டா ஒன்று, கரகல்லா ஒன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்தால், குடியரசுக் காசு தனியாகச் சொல்லும் கதைக்கு இது சளைத்ததில்லை.

கி.பி. 215இல் கரகல்லா புதிய காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பேரரசர் தலையில் சூரியக் கதிர் முடி, பேரரசி தோளுக்குக் கீழே பிறை. இரண்டு டினாரியஸ் மதிப்பு என்று கருதப்படும் இதில் ஒன்றரை டினாரியஸ் வெள்ளிதான் இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் காலியனஸ் காலத்துக்குள் வெள்ளி வெறும் பூச்சாகிவிட்டது. இந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் படத்துக்காக நான் தேடச் சொல்வது: ரோமின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக கி.பி. 248இல் அராபியரான பிலிப் வெளியிட்ட விலங்குக் காசுகள். சிங்கம், நீர்யானை, மான், மறுபடியும் அந்தப் பழைய ஓநாயும் இரட்டையரும். விழாவில் மக்களுக்குக் காட்டிய விலங்குகளே காசிலும் வந்தன. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை வாங்குங்கள், நீர்யானையைப் பார்த்ததும் கேள்வி மேல் கேள்வி வரும். நான்காம் நூற்றாண்டின் மெல்லிய சிலிக்வா காசுகளில் வெள்ளி மறுபடி நல்ல வெள்ளி. ஆனால் இலை வளையத்துக்குள் நேர்ச்சை எண்கள் எழுதிய பூப்பக்கம் பார்த்துப் பார்த்து அலுத்துவிடும்.

சரி, முடிவு

பணம் ஓரளவு கையில் இருக்கிறது, தேடிப் படிக்கும் பொறுமையும் இருக்கிறது என்றால் குடியரசுக் கால டினாரியஸ் ஒன்று. அதிலும் சபினஸ் அல்லது லிமெடானஸ். நடுத்தரத் தேய்மானம் பரவாயில்லை, ஆனால் பூப்பக்கக் காட்சி முழுதாகத் தெரிய வேண்டும். கையால் அடித்த காசு என்பதால் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது சகஜம். தலைப்பக்கம் ஒதுங்கியிருந்தால் விலை குறையும், உங்களுக்கு அது லாபம். நாயின் தலை ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தால் மட்டும் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். உடனே புரிகிற படம் வேண்டுமென்றால் ஹேட்ரியன். பட்ஜெட் சின்னது என்றால் தயங்காமல் பிளாட்டில்லாவும் கெட்டாவும். இரண்டும் சேர்ந்துகூட ஒரு நல்ல குடியரசுக் காசின் விலையை எட்டாது. கையஸ்-லூசியஸ் காசை நம் மண்ணோடு உள்ள உறவுக்காக வாங்க விரும்பினால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பழைய சேகரிப்பிலிருந்து, பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்த ஆதாரம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

ஏனென்றால், இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டைத் தாண்டிய நாணயத்தைத் தொல்பொருளாகவே கருதுகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தொல்பொருள் விற்பவருக்கு உரிமம் வேண்டும். ‘ஆற்றில் கிடைத்தது, தோட்டத்தில் கிடைத்தது’ என்று உளி வெட்டோடு யாராவது நீட்டும் காசு, ஒன்று போலி, இல்லையென்றால் அரசிடம் போயிருக்க வேண்டிய புதையலின் ஒரு துண்டு. பானையோடு சேர்ந்திருந்தால், எந்தக் காசோடு எந்தக் காசு புதைந்தது, எப்போது புதைந்தது என்பதையெல்லாம் சொல்லியிருக்கும். பிரித்து விற்ற பிறகு அது ஊமை. ஆதாரம் பொய்யாக இருந்தால் எவ்வளவு பெரிய விற்பனையும் நிற்காது: புரூட்டஸின் குத்துவாள் படம் பொறித்த தங்கக் காசு ஒன்று 2020இல் லண்டனில் 27 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது, பூர்வீக ஆவணங்கள் பொய் என்று தெரிந்து 2023இல் கிரீஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

போலிகள் விஷயத்தில் சில அடிப்படைகள். குடியரசுக் கால டினாரியஸ் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நீரோவுக்குப் பிறகு 3.4 கிராமைச் சுற்றி வரும். எடை ரொம்ப விலகினால் சந்தேகப்படுங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு ஓடினால், பரப்பில் ஊசிமுனைக் குமிழ்கள் இருந்தால், அது வார்த்த காசு. அசல் காசு சம்மட்டியால் அடித்தது. ஒரே மாதிரிப் பள்ளமும் ஒரே மாதிரி விரிசலும் உள்ள இரண்டு காசுகளைக் கண்டால் இரண்டையும் விட்டு நகருங்கள். வெள்ளித் தோலுக்குள் செம்பு தெரிகிற பூச்சுக் காசு வேறு ரகம். அது அந்தக் காலத்திலேயே செய்த கள்ளக்காசு, தெரிந்து வாங்கினால் அதற்கும் ஒரு சுவை உண்டு, விலையும் குறைவு.

ஏலத்தில் கை தூக்கும் முன் அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பட்டியல்களைத் திறந்து பாருங்கள். குடியரசுக்கு ஒன்று, பேரரசுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கின்றன. அருங்காட்சியகங்களில் உள்ள அசல் காசுகளின் படங்கள் ஒவ்வொரு வகைக்கும் வரிசையாக வரும். நீங்கள் நினைத்திருக்கும் காசின் வகையை எடுத்து, அங்கே உள்ள படங்களோடு விற்பவரின் படத்தை எழுத்துக்கு எழுத்து, நாயின் காலுக்குக் கால் ஒப்பிடுங்கள்; பூப்பக்கத்தில் ஆரம்பியுங்கள்.